துடிப்பு கேட்காத 16 நொடி

திரைக்குப் பின்னால் ஓடும் கணினிகள் – 17

டிசம்பர் 23ஆம் தேதி சென்னையிலிருந்து ஊருக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், கருங்கல்காரர் ஒருவர் அக்டோபர் 24ஆம் தேதி காலையிலேயே குழித்துறை ரயில் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 60 நாள் முன்பதிவு. காலை 8 மணிக்குக் கவுன்டர் திறக்கும். கருங்கலுக்குப் பக்கத்தில் பள்ளியாடி நிலையம் இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு வேண்டிய அனந்தபுரி எக்ஸ்பிரஸ் நிற்பது குழித்துறையிலும் இரணியலிலும்தான். அதனால் விடியற்காலை பஸ் பிடித்தாக வேண்டும்.

எட்டு அடித்ததும் கிளார்க் வண்டி எண்ணை அடிக்கிறார். அதே நொடியில் இரணியலில், நாகர்கோவிலில், திருநெல்வேலியில், எழும்பூரில், ஆயிரக்கணக்கான கைபேசிகளில் அதே வண்டியின் படுக்கைகளுக்கு விரல்கள் அழுத்துகின்றன. குழித்துறையில் அடித்த விவரம் கம்பிவழி சென்னை போய், வண்டியின் பட்டியலைத் திறந்து, ஒரு படுக்கையை இவருக்கென்று பூட்டி, அச்சாகத் திரும்பி வருகிறது. வரிசையில் நிற்பவருக்கு இதெல்லாம் பிரின்டர் கரகரக்கும் ஓசை மட்டுமே.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் கணினி சரியாக 8 மணி 2 நிமிடத்துக்குச் செத்துப்போனால்?

ஒரு பரிவர்த்தனையைத் தரவுத்தளம் ஒன்று முழுதாக எழுதும், அல்லது முழுதாகக் கைவிடும் என்பது சென்ற இதழில் வந்தது. அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் இயந்திரமே விழுந்துவிட்டால் அதன் இடத்தில் யார் நிற்பது, எப்படி நிற்பது என்பது இந்த இதழின் கதை.

இந்திய ரயில்வே இந்தக் கேள்வியை வெகு முன்பே சந்தித்தது. முன்பதிவு பெரிய பேரேடுகளில் நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்த வண்டிக்கு இந்தக் கவுன்டர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1986இல் தில்லியில் ‘இம்ப்ரெஸ்’ என்ற கணினி முன்பதிவு முறை வந்தது. பொதுத்துறை நிறுவனமான சிஎம்சி அதை எழுதியது. ஓடியது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் வாக்ஸ் கணினிகளில். அதே ஆண்டில் ரயில்வேயின் கணினி வேலைகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1994இல் செகந்திராபாத்தில் ‘கான்செர்ட்’ என்ற அடுத்த முறையைக் கிரிஸ் இறக்கியது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. அன்றிலிருந்து எந்த ஊர்க் கவுன்டரிலும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்றானது.

சென்னையின் முன்பதிவு மையம் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இயங்கியது. 1985 மே 30 அன்று தீயில் எரிந்த பழைய மூர் மார்க்கெட்டின் இடத்தில் எழுந்த கட்டடம் அது.

இந்த மையங்களில் டிஜிட்டல் நிறுவனத்தின் ஓப்பன் விஎம்எஸ் என்ற இயங்குதளம் ஓடியது. அந்த நிறுவனம் 1983இலேயே ‘வாக்ஸ்கிளஸ்டர்’ என்ற ஏற்பாட்டை அறிவித்திருந்தது. பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டு, வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரே கணினிபோல் நடந்துகொள்ளும். ஒன்று படுத்தால் மற்றவை வேலையைத் தொடரும். தமிழில் இதைக் கணினிக் கொத்து என்கிறார்கள். வேலை செய்பவர்கள் கிளஸ்டர் என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஒரு கணினியைக் கொத்தில் சேர்க்க விஎம்எஸ்ஸில் ஒரு சிறு நிரல் இருந்தது. கறுப்புத் திரையில் அது கேள்வி கேட்கும், பொறியாளர் பதில் அடிப்பார், அடுத்த கேள்வி வரும். இன்று வண்ணத் திரையில் ‘நெக்ஸ்ட்’ பொத்தானோடு வரும் விசார்ட்டுக்கு அது மூத்த தலைமுறை.

விசார்ட் என்ற பெயர் பரவலானது 1991இல் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் மென்பொருளோடு. மந்திரவாதி என்று பொருள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மீதியைத் தானே செய்து முடிக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். 1990களில் கொத்து மென்பொருள்கள் யூனிக்ஸ், விண்டோஸ் கணினிகளுக்கும் வந்தபோது விசார்ட்டும் கூடவே வந்தது. அவற்றில் வெரிடாஸ் நிறுவனத்தின் கிளஸ்டர் சர்வர் உலகெங்கும் பெரிய தரவுத்தளங்களுக்குக் காவலாக நின்றது. டாலரன்ட் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1989இல் வெரிடாஸ் ஆன நிறுவனம் அது. அந்த மென்பொருளின் மையச் சொல் ‘சர்வீஸ் குரூப்’.

சர்வீஸ் குரூப் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, கல்யாண வீட்டு ஆக்குப்புரைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். முதலில் அடுப்பு எரிய வேண்டும். அடுப்பின் மேல் வார்ப்பு ஏற வேண்டும். வார்ப்பில் தண்ணீர் கொதித்த பிறகே அரிசி. சோறு வெந்த பிறகே பந்தி. இதில் ஒன்றைத் தாண்டி இன்னொன்று நடக்காது. முடிக்கும்போது வரிசை தலைகீழாகும்: பந்தி முடிந்து, வார்ப்பை இறக்கி, கடைசியில்தான் அடுப்பை அணைப்பார்கள்.

தரவுத்தளமும் அப்படித்தான். பகிர்ந்த வட்டுகள் முதலில் கணினிக்குக் கிடைக்க வேண்டும். அவற்றில் உள்ள கோப்புப் பகுதி மவுன்ட் ஆக வேண்டும், அதாவது கணினியோடு இணைந்து பயன்பாட்டுக்கு வர வேண்டும். நெட்வொர்க் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு ஐபி முகவரி ஏற வேண்டும். பிறகே ஆரக்கிள் அல்லது எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் எழுந்து நிற்கும். இந்த ஒவ்வொன்றுக்கும் ‘ரிசோர்ஸ்’ என்று பெயர். எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரிசையோடு இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டினால் அது சர்வீஸ் குரூப். ஒரு கணினி விழுந்தால் மூட்டை அப்படியே அடுத்த கணினிக்கு மாறும். ஐபி முகவரியும் மூட்டைக்குள்ளேயே இருப்பதால் வெளியில் இருப்பவர்கள் பழைய விலாசத்துக்கே வருவார்கள். ஆள் மாறியிருப்பார், கதவு எண் மாறியிருக்காது.

விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வருக்கான வெரிடாஸ் விசார்ட்டைத் திறந்தால், முதல் கேள்விக்கு முன்பே சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு கணினிகளிலும் மென்பொருள் ஒரே பெயரில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். தரவுக் கோப்புகள் பகிர்ந்த வட்டில் இருக்க வேண்டும். வட்டு இப்போது எந்தக் கணினியில் மவுன்ட் ஆகியிருக்கிறதோ அந்தக் கணினியில் உட்கார்ந்துதான் விசார்ட்டை ஓட்ட வேண்டும். மற்றதில் ஓட்டினால் வட்டு அதன் கண்ணில் படாது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் ஒரு மத்தியானம் முழுக்கச் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

பிறகு கேள்விகள் தொடங்கும். குரூப்புக்கு என்ன பெயர்? எந்தெந்தக் கணினிகள், எது முதலில், எது அடுத்து? கண்டுபிடித்த தரவுத்தளங்களில் எதைச் சேர்ப்பது? வெளியுலகம் எந்தப் பெயரில், எந்த ஐபியில் கூப்பிடும்? ஒவ்வொரு கணினியிலும் அந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டில் ஏற வேண்டும்? கடைசித் திரையில் முழுப் பட்டியலும் வரும். ‘ஃபினிஷ்’ அழுத்தினால் சார்பு வரிசையைத் தானே கட்டி, குரூப்பை எழுப்பி நிறுத்தும்.

கையால் செய்தால் இத்தனை ரிசோர்ஸ்களையும் அவற்றின் சார்புகளையும் கட்டளை கட்டளையாக அடிக்க வேண்டும். அதில் ஓர் எழுத்துப் பிழை போதும், நள்ளிரவில் மூட்டை நகராமல் நிற்க. அந்தப் பிழையை விசார்ட் ஒழித்தது. அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். என்றாலும் அனுபவமுள்ளவர்கள் விசார்ட் முடிந்ததும் எழுந்து போவதில்லை. அது எழுதிவைத்த ‘மெயின் டாட் சிஎஃப்’ கோப்பைத் திறந்து வரி வரியாக வாசிக்கிறார்கள். ஏனென்றால் சில கேள்விகளுக்கு விசார்ட் தானே பதில் போட்டுக்கொள்கிறது. சிலவற்றைக் கேட்பதே இல்லை.

உதாரணத்துக்கு ‘கிரிட்டிக்கல்’ என்ற குறி. ஒரு ரிசோர்ஸுக்கு அந்தக் குறி இருந்தால், அது கெட்டதும் குரூப் முழுவதும் இடம் மாறும். தானாகவே எல்லாவற்றுக்கும் அந்தக் குறி விழுந்துவிடுகிறது. நகல் கோப்புகளை வைக்கும் வட்டு ஒன்று பழுதாகி மவுன்ட் கழன்றால், நன்றாக ஓடும் தரவுத்தளத்தையும் இறக்கி இன்னொரு கணினிக்குத் தூக்க வேண்டுமா? அந்தத் தீர்மானத்தை அந்த அலுவலகத்தின் வேலை தெரிந்தவர்தான் எடுக்க முடியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான தீர்மானம் ஒன்று இருக்கிறது. அடுத்த கணினி செத்துவிட்டது என்று இந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்?

இரண்டு கணினிகளுக்கும் நடுவே தனிக் கேபிள்கள் ஓடுகின்றன. அவற்றின் வழியே அரை நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பு போகும். வெரிடாஸின் பழைய பதிப்புகளில் 16 நொடி துடிப்பு கேட்காவிட்டால் இணைப்பு போனதாகக் கணக்கு. இன்னும் 5 நொடி பொறுத்து, மற்றவர் இல்லை என்று முடிவெடுக்கும். துடிப்பு நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கணினி செத்திருக்கலாம். கேபிள் மட்டும் அறுந்திருக்கலாம். இந்தப் பக்கம் இருந்து கேட்டால் இரண்டும் ஒரே மௌனம்.

கருங்கலுக்குத் தெற்கே சில மைலில் இனயமும் மிடாலமும் குறும்பனையும் இருக்கின்றன. மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதை அந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களோடு பேச வழியில்லை. கரையிலும் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. டிசம்பர் முதல் நாட்களில் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகள் 952 மீனவர்களோடு கரைசேர்ந்த செய்தி வந்தது. லட்சத்தீவில் ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். வராமலே போனவர்கள் பலர். அந்த நாட்களில் எந்த வீட்டிலும் வெறும் மௌனத்தை வைத்து ஒருவர் முடிவெடுத்திருக்க முடியுமா?

ஆனால் கணினி முடிவெடுத்தாக வேண்டும், அதுவும் நொடிகளுக்குள். கேபிள் மட்டும் அறுந்திருக்கும்போது ‘அவர் போய்விட்டார்’ என்று இரண்டு கணினிகளும் ஒருசேர நினைத்தால், இரண்டும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கும். ஒரே படுக்கை இருவருக்குப் போகும். இன்னும் மோசமாக, பட்டியலே உருக்குலையும். ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்று இதற்குப் பெயர். தரவுத்தள வேலையில் இருப்பவர்கள் கணினி சாவதைவிட அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

இது ஏட்டளவில் இருக்கும் அச்சமும் இல்லை. 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் கிட்ஹப் நிறுவனம் பழுதாகிவந்த ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றியது. அப்போது கிழக்குக் கரைத் தரவு மையத்தோடு இணைப்பு 43 நொடி அறுந்தது. காவலுக்கு இருந்த மென்பொருள் தன் கணக்குப்படி மேற்குக் கரைத் தரவுத்தளங்களுக்குத் தலைமையை மாற்றியது. இணைப்பு திரும்பியபோது, மேற்கே போய்ச் சேராத சில நொடி எழுத்துகள் கிழக்கே இருந்தன. கிழக்குக்குத் தெரியாத எழுத்துகள் மேற்கே குவிந்திருந்தன. இரண்டையும் சேதமில்லாமல் ஒன்றாக்கிச் சேவையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. அத்தனைக்கும் காரணம் 43 நொடி மௌனம்.

ஸ்பிளிட் பிரெய்ன் வராமலிருக்க வெரிடாஸ் வைத்த காவலின் பெயர் ஃபென்சிங், வேலி போடுவது. தரவு வட்டுகளுக்கு அப்பால் 3 சிறிய வட்டுகளைத் தனியாக நிறுத்துவார்கள். அவற்றில் தரவு எதுவும் இருக்காது. ஒவ்வொரு கணினியும் அந்த மூன்றிலும் தன் சாவியைப் பதிந்து வைக்கும். துடிப்பு நின்றதும் இரண்டும் ஓடிப்போய் மற்றவர் சாவியைப் பிடுங்கும். மூன்றில் இரண்டை வென்றவர் வேலையைத் தொடரலாம். தோற்ற கணினி உயிரோடு இருந்தாலும் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். வட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் சமநிலைக்கு இடமில்லை. விஎம்எஸ்ஸில் இதே வேலையைக் கணினிகளுக்கும் ஒரு பொது வட்டுக்கும் வாக்கு கொடுத்துச் செய்தார்கள். பெரும்பான்மை வாக்கு இல்லாத பக்கம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

வேலி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், துடிப்புக்கான இரண்டு கேபிள்களையும் ஒரே ஸ்விட்சில் செருகிவைப்பது ஆபத்து. அந்த ஒரு ஸ்விட்ச் போனால் இரண்டு கேபிளும் சேர்ந்து போகும். திரையில் இரண்டு கார்டு காட்டினால் விசார்ட் ஏற்றுக்கொள்ளும்; கேபிள் போய்ச் சேரும் இடத்தை அது பார்ப்பதில்லை. சர்வர் அறையில் குனிந்து, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தரவுத்தளத்தின் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது முதல் நிலைக் கண்காணிப்பு. நிரல் ஓடும், ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் வராது என்ற நிலையை அது பிடிக்காது. ‘டீட்டெயில் மானிட்டரிங்’ என்ற பெட்டியில் டிக் போட்டால், காவல் மென்பொருள் தானே தரவுத்தளத்துக்குள் நுழைந்து ஒரு கேள்வி கேட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும். கவுன்டர் திறந்திருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பதும், உள்ளே போய் ஒரு டிக்கெட் கேட்டுப் பார்ப்பதும் வேறு வேறு. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டாலும் விசார்ட் அடுத்த திரைக்குப் போய்விடும்.

‘ஃபினிஷ்’ அழுத்திய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒத்திகை. கையால் குரூப்பை அடுத்த கணினிக்கு மாற்றிப் பார்ப்பது. பிறகு நெட்வொர்க் கேபிளை உருவிப் பார்ப்பது. பிறகு துடிப்புக் கேபிள்களை உருவிப் பார்ப்பது. கடைசியாகக் கணினியின் மின்சாரத்தையே பிடுங்கிப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் எத்தனை நொடியில் சேவை திரும்பியது என்று எழுதி வைப்பது. விழுந்த தரவுத்தளம் அடுத்த இடத்தில் எழும்போது, பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைத் தன் பதிவேட்டைப் பார்த்து முடிக்கவோ கைவிடவோ வேண்டும். பதிவேடு நீளமானால் நிமிடங்களும் நீளும். காலை 8 மணிக்கு முன் அந்த எண்ணிக்கை தெரிந்திருப்பதற்கும், 8 மணி 2 நிமிடத்தில் தெரியவருவதற்கும் உள்ள வித்தியாசத்தை வரிசையில் நிற்பவர் உணர்வார்.

இவை எல்லாம் இருந்தும், இரண்டு கணினிகளும் மூன்று சிறு வட்டுகளும் ஒரே கட்டடத்தில், ஒரே ஊரில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நகரமே வெள்ளத்தில் நின்றது. ஊரே மூழ்கும்போது தரவு எந்த ஊருக்கு ஓடுகிறது, எவ்வளவு பின்தங்கி ஓடுகிறது என்பது அடுத்த இதழில்.