உங்களுக்குத் தெரியுமா? – மின் வண்டி மானியம்

காஸ் சிலிண்டர் மானியம் வங்கிக் கணக்கில் வந்து விழும். மின் ஸ்கூட்டருக்கு அப்படியில்லை. கழித்துக்கொண்டுதான் பில்லே போடுவார்கள். கம்பெனி அதைப் பிறகு மத்திய அரசிடம் வாங்கிக்கொள்ளும். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், ஆதார் சரிபார்த்ததும் உங்கள் கைப்பேசிக்கு ஒரு இ-வவுச்சர் வரும். கையெழுத்திட்டு டீலரிடம் தர வேண்டும். ஷோரூமில் "ஒரு செல்ஃபி சார்" என்று கேட்டால் விளம்பரத்துக்கு அல்ல, அரசுக் கணக்குக்கு!

*

மானியம் வண்டியைப் பார்த்து அல்ல, பேட்டரியைப் பார்த்து. எத்தனை கிலோவாட் மணியோ (நம் ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான்) அத்தனை பங்கு. இ-டிரைவுக்கு முன்பிருந்த ஃபேம்-2 திட்டத்தில் 2021 ஜூனிலிருந்து யூனிட்டுக்கு 15,000 ரூபாய். விலையில் 40 சதவீதம் வரை. 2023 ஜூன் 1-ம் தேதி அது 10,000 ஆனது. உச்சவரம்போ 15 சதவீதம். தொழிற்சாலை விலை 1,20,000, பேட்டரி 3 யூனிட் என்று வையுங்கள். மே 31-ல் 45,000 ரூபாய் தள்ளுபடி. மறுநாள் காலை வெறும் 18,000. விடிவதற்குள் 27,000 ரூபாய் போச்சு. அந்த மே மாதம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மின் இருசக்கர வாகனங்கள், ஜூனில் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அவசரப்பட்டு மே மாதமே வாங்கியவர்கள்தான் புத்திசாலிகள்.

இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஏப்ரலில் யூனிட்டுக்கு 2,500 ரூபாய் என்று ஆனது. அதிகபட்சம் 5,000.

*

ஃபேம்-2 மானியம் பெற, தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. சில நிறுவனங்கள் என்ன செய்தன? சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்கின. இட்லிக்கு ஒரு விலை, சட்னிக்கு ஒரு விலை! அரசு பிடித்துக் கேட்டதும், 2023-ல் சார்ஜர் பணம் வாடிக்கையாளர்களுக்கே திரும்பி வந்தது.

*

நார்வேயில் கையில் பணம் தரவில்லை, வரியை விட்டுக்கொடுத்தார்கள். 2001-ல் 24 சதவீத மதிப்புக்கூட்டு வரி மின் காருக்கு நீங்கியது. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரத்தில் ஓடுபவை. ஆரம்பித்துவைத்தவர்கள் யார் தெரியுமா? 'ஆ-ஹா' பாப் இசைக் குழுவினர். 1989-ல் சுற்றுச்சூழல் ஆர்வலர்களோடு சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு குட்டி ஃபியட் பாண்டாவில் கிளம்பி, டோல்கேட்டில் காசு தர மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அபராதம் கட்டாததால் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது அரசு. 1997-ல் அதே அரசு மின் கார்களுக்கு டோல் கிடையாது என்று அறிவித்தது.

2019-லிருந்து ஆஸ்லோவில் மின் காரும் டோல் கட்டுகிறது.