தாலியும் தஸ்தாவேஜும்

மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிச் சீமையிலோ ஒரு தம்பதியிடம், "உங்களுக்கு விவாகம் நடந்ததற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வாழைமரம் கட்டிய பந்தலை ஊரே பார்த்தது. தாலி கழுத்தில் இருக்கிறது. போதாதென்றால் மொய் நோட்டு இருக்கவே இருக்கிறது. மதுரைச் சீமையின் மொய் நோட்டைப் போல் கண்டிப்பான கணக்கு எந்த ரிஜிஸ்டிரார் ஆபீஸிலும் கிடையாது என்பது நம் அபிப்பிராயம்.

இத்தகைய சாட்சியங்கள் கடல் கடந்தால் செல்லாக்காசாகிவிடக்கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நம்மவர் கண்டார்கள். பாய் மரியம் என்ற முஸ்லிம் மாது, அங்கே குடியிருந்த கணவருடன் வாழ்வதற்காகக் கப்பலேறிச் சென்றாள். 1913-ம் வருஷம் மார்ச்சு 14-ந் தேதி கேப் மாகாணத்து நீதிபதி ஸெர்ல் அவள் விஷயத்தில் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த விவாகம் சட்டத்தின் முன் விவாகமே அல்லவாம்! ஆகவே அவள் மனைவியும் அல்ல. நாட்டுக்குள் வர உரிமையும் இல்லை. ஒருத்தியோடு மட்டுமே வாழ்ந்த ஹிந்துக்களின் விவாகங்களும் இந்த நியாயத்தில் அடிபட்டுப் போயின.

குழந்தையின் கதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். முறைப்படி குடியிருப்பவரின் மனைவியும், பதினாறு வயதுக்குட்பட்ட மக்களும் உள்ளே வரலாம் என்பதே சட்டம் அளித்த சலுகை. தாய் மனைவியல்ல என்று ஆகிவிட்டால், பிள்ளை முறையான பிள்ளையல்ல. அப்புறம் தகப்பன் வீட்டுக்கு வர அதற்கு என்ன பாத்தியதை? தகப்பன் சொத்தும் சந்தேகமே. தான் பிறக்குமுன் நடந்த சடங்குக்காகக் குழந்தை தண்டனை அநுபவிக்க வேண்டும்!

அதுவரை பெண்களைச் சிறைக்கு அழைக்காதிருந்த காந்தியடிகள் இப்போது அழைத்தார். கஸ்தூரிபாய் சிறை சென்றார். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினார்கள். தஞ்சைச் சீமைத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் கண்ட ஜுரத்தோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள். பதினாறே வயது. அதே வருஷம் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. ஒரு மனைவியும், அவள் வயிற்று மைனர் குழந்தைகளும் அங்கீகாரம் பெற்றனர். ஒரு மனைவிக்கு மேல் இருந்தவர்களின் தொல்லை தீரவில்லை.

தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எம்மதத்தார் விவாகமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். ஆயினும் விசா கேட்கும் நாள் வரை அந்தக் காகிதத்தைப் பலர் நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது நாம் காண்பது இன்னொரு வேடிக்கை. பிறப்புச் சான்றில் தாய் 'பேச்சி'. குடும்ப அட்டையில் 'பேச்சியம்மாள்'. தகப்பனார் வாயால் சொல்லுவதோ மூன்றாவது பெயர். மூன்றும் ஒருத்திதான் என்பது தெருவுக்கே தெரியும். அயல்நாட்டுத் தூதராலயத்து அதிகாரி அந்தத் தெருவில் குடியிருக்கவில்லையே! ஆகையால் பெயரை ஒரே மாதிரி எழுதி வாங்கிக்கொண்டுதான் நாம் பிள்ளையைச் சேர்க்கிறோம். பெற்றோர் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.