வண்டு போன பிறகும் அரிசியில் மிஞ்சுவது

மாரிக்கு முன் வாங்கி, சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில் வைத்த அரிசி மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது. எறிவோமா என்று அம்மாவிடம் கேட்டேன். “2009 இல முகாமில இதைவிட மோசமான அரிசி சாப்பிட்டனாங்கள். வெயிலில போட்டுப் புடைச்சாச் சரி” என்று சுளகை எடுத்தார். பட்டினி பார்த்தவரிடம் அரிசியை எறியச் சொல்வது இலேசல்ல.

அம்மா சொன்னதில் பாதி சரி. வெயிலுக்கு வண்டு ஓடிவிடும். வண்டு நஞ்சும் அல்ல. ஆனால் அது செய்துவிட்டுப் போன வேலை அரிசியில் இருக்கிறது.

பெண் வண்டு அரிசியைத் துளைத்து முட்டையிட்டு, பசைபோன்ற ஒன்றால் துளையை மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். அந்த ஓட்டையும் மாவும் பங்கசுக்கு நல்ல வசதி. பங்கசின் வித்திகளை வண்டே உடலிலும் குடலிலும் சுமந்து திரிகிறது. போதாததற்கு, பெருகிய வண்டுகளின் மூச்சில் வெப்பமும் நீராவியும் சேர்கின்றன. அப்படியான மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரியும். காய்ந்து கிடந்த தானியமும் அந்த இடத்தில் ஈரமாகிறது.

இப்படி வளரும் பங்கசுகளில் ஆஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்பது அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. அது ஈரலைக் கெடுக்கும். நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோயும் வரலாம். சோறு கொதிக்கும் சூட்டில் அழியாது. 1974 இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 இல் திரிபோசா பற்றி எழுந்த சர்ச்சையும் இந்த நஞ்சைப் பற்றியதுதான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது கண்ணுக்காவது தெரிந்தது. இது தெரியாது.

சோளம், கச்சான் அளவுக்கு அரிசியில் இந்த நஞ்சு வருவதில்லை. உமியோடு இருக்கும் நெல்லுக்குப் பாதுகாப்பு இன்னும் கூட. அப்பம்மா நெல்லாகவே வைத்து, மூட்டையைக் கோர்க்காலியில் ஏற்றி, தேவைக்கு மட்டும் குத்துவாராம். 1995 இல் வன்னிக்குப் போய் 2010 இல் திரும்பியபோது கோர்க்காலியில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. இப்போது சீமெந்துத் தரையில் உரப்பை.

கடைசியில் அம்மாவும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கட்டிபட்ட, நிறம் மாறிய, புழுங்கல் நாற்றம் அடிக்கிற அரிசியைப் புடைத்துப் பார்ப்பதில்லை, எறிவது. கோழிக்கும் போடுவதில்லை. 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றின் தீனியில் பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கு இருந்தது. இனி மூட்டையாக வாங்காமல் இரண்டு கிழமைக்கு அளவாக வாங்கி, மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வாங்கின்மேல் வைப்பது.

இரண்டு கிழமைக்கு மட்டும் அரிசி இருக்கிற வீட்டில் அம்மாவுக்கு நித்திரை வருமா என்பதுதான் எனக்கு யோசனை.