சினை ஆடு குட்டி வீசுகிறதா? பூனையைக் கவனியுங்கள்

மேச்சேரி ஆடு ஒன்று குட்டி வீசினால், முட்டுப்பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். அடுத்தடுத்து வீசினால் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும்.

இது பூனையின் குடலில் பெருகி மலத்தில் வெளியேறும். எலி பிடிக்கத் தொடங்கும் இளம்பூனைதான் அதிகம் பரப்பும். ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் சாகாது. கடலைக்கொடிப் போரில் பூனை குட்டி போட்டிருந்தால், அந்தக் கொடியைத் தின்னும் சினை ஆட்டுக்குத் தொற்றி, நஞ்சுக்கொடி வழியே வயிற்றுக் குட்டிக்கும் போகும்.

சினைக்காலம் சுமார் 150 நாள். தொடக்கத்தில் தொற்றினால் கரு கரைந்துவிடும். நாம் ‘சினை நிற்கவில்லை’ என்போம். நடுவில் தொற்றினால் குட்டி செத்தோ, காய்ந்து சுருங்கியோ, நோஞ்சானாகவோ விழும். கடைசி மாதமென்றால் பெரும்பாலும் குட்டி தப்பிவிடும். தாய் ஆடு வழக்கம்போல மேயும், அதுதான் சிக்கல்.

புருசெல்லா நோயிலும் ஆடு வீசும். பார்வையில் பிரித்தறிய முடியாது. நஞ்சையும் குட்டியையும் கையுறை போட்டுப் பையில் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பட்டிப் பக்கமே விடாதீர்கள். மனிதக் கருவையும் இது தாக்கும்.

டாக்சோபிளாஸ்மாதான் என்று உறுதியானால், அந்த ஆட்டைப் புளியம்பட்டி சந்தைக்கு ஓட்ட அவசரப்படாதீர்கள். ஒருமுறை வீசிய ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அடுத்த ஈத்தில் பெரும்பாலும் நல்ல குட்டி போடும். தீவனத்தை மட்டும் பூனை ஏறாதபடி மூடிவையுங்கள்.