தீபாவுக்குப் பிறகு அகர்தலா

ரியோ ஒலிம்பிக்கில், 2016 ஆகஸ்ட் 14 அன்று நடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் (தாவல்) இறுதிப் போட்டியில் தீபா கர்மாகர் 15.066 புள்ளிகள் எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 0.15 புள்ளிதான் வித்தியாசம். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியப் பெண் ஒருவர் களமிறங்கியதே அதுதான் முதல் முறை. அவர் ஆறு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்த இடம், திரிபுரா தலைநகர் அகர்தலாவில் உள்ள விவேகானந்தா வியாயாமகர் என்ற உடற்பயிற்சிக் கழகம்.

மூன்று பக்கமும் வங்கதேசம் சூழ்ந்த, 2011 கணக்கெடுப்பின்படி 37 லட்சம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் மாநிலம் திரிபுரா. அகல ரயில் பாதையில் பயணிகள் ரயில் வந்ததே 2016இல்தான். அப்படிப்பட்ட ஊருக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது? 1960களில் ஹரியானாவிலிருந்து வந்த தலீப் சிங் என்ற பயிற்சியாளர் அகர்தலாவிலேயே தங்கிவிட்டார். அவர் உருவாக்கியவர்களில் மண்டு தேப்நாத் அர்ஜுனா விருது பெற்றார். இன்னொரு மாணவர் விஸ்வேஸ்வர் நந்தி தேசிய சாம்பியனாகி, பிறகு பயிற்சியாளரானார். சிறுமி தீபாவுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் நந்தியின் மனைவி சோமா. பிறகு நந்தியே பொறுப்பேற்றார். கற்றவர் ஊரைவிட்டுப் போகாமல் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததே அகர்தலாவின் பலம். பணமும் கட்டடமும் அதற்குப் பிறகுதான் என்பேன்.

அதற்காகக் கருவிகள் முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. தீபாவின் பெயரோடு சேர்ந்துவிட்ட புரோதுனோவா தாவலை எடுத்துக்கொள்வோம். வேகமாக ஓடி வந்து, ஸ்பிரிங்போர்டு எனும் தாவுபலகையை மிதித்து, 1.25 மீட்டர் உயர மேசையில் கைகளை ஊன்றி எழும்ப வேண்டும். காற்றிலேயே இரண்டு முறை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக் கால்களில் இறங்க வேண்டும். தரை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத நிலையில் இறங்குவது இது. சுற்று கொஞ்சம் குறைந்தாலும் கழுத்தோ முதுகோ தரையில் மோதும். அதனால்தான் வசதியுள்ள நாடுகளில் பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்தில் நூற்றுக்கணக்கான முறை குதித்துப் பழகிய பிறகே கெட்டித் தரைக்கு வருகிறார்கள். அகர்தலாவிலோ மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் குதித்தார்கள். பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு தாவுபலகை செய்துகொண்டதும் உண்டு. போதாக்குறைக்கு, தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓட்டத்துக்கும் தாவலுக்கும் இறங்குவதற்கும் அது இடைஞ்சல்.

இதைத் தியாகக் கதையாகச் சொல்லி நெகிழ்வது எளிது. எனக்கு நெகிழ்ச்சியைவிடப் பதற்றமே மிஞ்சுகிறது. தீபா தப்பித்தார் என்பதால் அடுத்த குழந்தையையும் அதே அடுக்கு மெத்தையில் குதிக்கவிடக் கூடாது.

ரியோவுக்குப் பிறகு தீபாவின் பாதை நேராக இருக்கவில்லை. முழங்காலில் அறுவை சிகிச்சை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 21 மாதத் தடை. எல்லாவற்றுக்கும் பிறகு 2024 மே மாதம், முப்பது வயதில், தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது, பயிற்சியாளராக வரும் விருப்பத்தையும் சொன்னார். அது நடந்தால் தலீப் சிங், நந்தி, தீபா என்று மூன்றாம் தலைமுறைப் பயிற்சியாளர் அகர்தலாவுக்குக் கிடைப்பார். பதின்ம வயதில் உடல் மாறும்போது பல சிறுமிகள் இந்த விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பருவத்தைத் தாண்டி வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் சிலராவது தங்குவார்கள்.

2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா விருப்பம் தெரிவித்திருக்கிறது. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆடும் பெண்ணுக்கு அந்த ஆண்டு 16 வயதாவது நிறைந்திருக்க வேண்டும். ஆறு வயதில் தொடங்கிய தீபா ரியோவுக்குப் போகும்போது 23ஐத் தொட்டிருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால், 2036இல் இந்தியாவுக்காக ஓடி வந்து தாவ வேண்டிய சிறுமிகள் இப்போதே பயிற்சிக் கூடத்துக்குள் வந்திருக்க வேண்டும். அவர்களுக்கான பஞ்சுப் பள்ளமும், காயத்தைப் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டும், சம்பளம் தடைபடாத பயிற்சியாளரும் இந்த ஆண்டுக்கான தேவைகள்.