மீட்டர் எண்ணாத ஓட்டம்

“டாக்டர் வண்டி சார், ஒரே ஓனர். பன்னிரண்டு வருஷத்துல முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.” பழைய கார் விற்கும் இடங்களில் இந்தப் பேச்சுக்குத் தனி விலை உண்டு. மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிட்டு, சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வண்டிக்கு வயது பன்னிரண்டு. காரோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைப் புரட்டினால், பல வரிகளில் கிலோமீட்டரும் மாதமும் சேர்ந்தே இருக்கும். எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு மாதக் கணக்கு எதற்கு?

பிரேக் ஆயிலைப் பார்த்தால் புரியும். பேர்தான் ஆயில், பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அதற்கு ஈரத்தின் மேல் தீராத ஆசை. மூடி இறுக்கமாக இருந்தாலும், பிரேக் ஹோஸின் ரப்பர் வழியாகக் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 3 தரத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 தரத்தில் இதே கணக்கு 230, 155.

நகரத்துக்குள் ஓட்டும்வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில், 36 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரைப் போடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் தெரியும். சக்கரத்தருகே சூடேறித் திரவம் கொதிக்கும், ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் மிதித்த விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி சுருங்கிவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இதில் விசித்திரம், எப்படியோ நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடுகிறது. பிறகு மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும்.

ஈரம் இழுக்காத திரவத்தை ஊற்றிவிட்டால் என்ன? அதுவும் இருக்கிறது: சிலிக்கோனால் ஆன டாட் 5. ஆனால் உள்ளே வரும் நீர் அதில் கரையாமல் துளியாகத் திரண்டு தாழ்வான இடத்தில் தங்கும். அங்கே இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துளி 100 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நீரைக் குடித்துத் தன்னுள் பரப்பிக்கொள்ளும் குணம்தான் கிளைக்கால் வகையின் காவல். குடித்துத் தீர்ந்ததை மாற்றும் வேலை நம்முடையது. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

டயரின் கதை இன்னும் வினோதம். பக்கச்சுவரில் ‘டாட்’ என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் அந்த வெட்டு விரிசலாகத் திறக்கிறது. இதைத் தடுக்கத்தான் டயர் ரப்பரில் மெழுகும் சில தடுப்பு வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து படலமாகப் படிகின்றன. டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இந்தக் கசிவு வேகமெடுக்கிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. ஓடாததாலேயே வெடித்த டயர்கள் உண்டு.

எஞ்சின் ஆயிலுக்கும் குறைந்த ஓட்டம் நல்லதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது! பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் சேரும். நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் அது ஆவியாகிவிடும். வீட்டுக்கும் கிளினிக்குக்குமாக இரண்டு கிலோமீட்டர் போய்வந்த வண்டியில் தங்கிவிடும். கூலண்ட்டிலும் துருத் தடுப்புப் பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகின்றன. நிறம் பச்சையாகவே இருக்கும் என்பதால் நம்பிவிடுகிறோம்.

பணம் கொஞ்சமாக இருந்தால் எதை முதலில் செய்வது? என் வரிசையில் பிரேக் ஆயிலும் டயரும் முதலில். அடுத்து, எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய சான்ட்ரோவில் பெல்ட். ஸ்விஃப்டின் கே சீரிஸ் எஞ்சினில் செயின். பெல்ட் ரப்பரும் நாரும் சேர்ந்தது. அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் காட்டாது. சில எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளை இடித்து வளைத்துவிடும். எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். ஏசி, சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் காத்திருக்கட்டும்.

பிரேக் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற உதவியாளர் பெடலைத் தரைவரை மிதிப்பார். வழக்கமான ஓட்டத்தில், பெடல் விசையை வாங்கித் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் அவ்வளவு தூரம் போவதே இல்லை; பல வருடமாக அது தொடாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு படிந்திருக்கலாம். அங்கே உரசினால் வாஷர் கிழிந்து, நன்றாக இருந்த பிரேக் அன்றைக்கே கெட்டுவிடும். அனுபவமுள்ள மெக்கானிக், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொல்வார்.