வரைந்தால் மட்டும் வேலை வருமா?

நம் தெருக்களில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நிக்காஹ் அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள், மருதாணி போடுபவர்கள், அரபு காலிகிராஃபி எழுதுபவர்கள், புர்கா கடைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்து கொடுப்பவர்கள் என்று வீட்டுக்கு ஒருவரைக் காட்டலாம். இவர்கள் செய்யும் பெருநாள் வாழ்த்துப் படம் ஒரே இரவில் ஊர் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகிவிடுகிறது. ஆனால் அதை வரைந்தது யார் என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால் அடுத்த வேலையும் வருவதில்லை. "பிள்ளை நல்லா வரையுது" என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்படுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

டிசைனராகவோ ஓவியராகவோ சம்பாதிக்க விரும்பும் பிள்ளைக்கு, செய்த வேலைகளைப் பிறர் பார்க்கும்படி முறையாகத் தொகுத்து வைப்பது முதல் முதலீடு. இதைத் துறையில் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். இணையத்தில் ஒரு பக்கமாக இருக்கலாம், இன்ஸ்டாகிராம் கணக்காக இருக்கலாம், ஒரு பிடிஎஃப் கோப்பாகக்கூட இருக்கலாம். எந்த இடம் என்பதைவிட, அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வேலை தருபவரின் கவலை

அழைப்பிதழ் அடிக்க வரும் ஒரு தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கலையை எடைபோடத் தெரியாது, அதற்கு நேரமும் இல்லை. பெயர்களைப் பிழையில்லாமல் போடுவார்களா? அரபு எழுத்து சரியாக வருமா? சொன்ன தேதிக்குக் கொடுப்பார்களா? கையில் வரும் கார்டு திரையில் பார்த்த நிறத்தில் இருக்குமா? இவைதான் அவர் கவலைகள். அழகான படங்களை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்தால் இவற்றில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கைந்து வரி எழுதி வைத்தால்தான் கிடைக்கும்.

என்ன எழுதுவது? யார் கேட்டார்கள் (பெயர் வேண்டாம், "ஒரு திருமண வீட்டார்" என்றால் போதும்), அவர்கள் என்ன விரும்பினார்கள், எங்கே சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தோம், எத்தனை நாளில் முடித்தோம் என்பதைப் பேச்சு வழக்கிலேயே எழுதலாம்.

உதாரணமாக அரபு எழுத்தை எடுத்துக்கொள்வோம். அரபியில் ஓர் எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வெவ்வேறு வடிவம் எடுத்து அடுத்த எழுத்தோடு சேரும். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். டிசைன் மென்பொருளில் அரபிக்கான அமைப்பு சரியாக இல்லாவிட்டால், ஒட்டி வரவேண்டிய எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபி வாசிக்கத் தெரியாத அச்சகத்தாருக்கு அது பிழை என்றே தெரியாது. அப்படியே அச்சாகி வந்த நோட்டீஸ்களையும் பேனர்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே, "ஓதத் தெரிந்த இருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பினேன்" என்று ஒரு பிள்ளை எழுதி வைத்தால், அந்த ஒரு வரி பத்துப் படங்களைவிட அதிகம் பேசும். கார்டு காலில் மிதிபடக்கூடும் என்று பிஸ்மில்லாஹ்வை அரபியில் அச்சிட வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதையும் குறிப்பிடலாம்.

நிறமும் அப்படித்தான். கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சகமோ நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு அச்சிடுகிறது. அதனால் திரையில் மின்னும் பச்சை, தாளில் மங்கி வரும். இதை முதலிலேயே விளக்கி, ஒரு மாதிரிப் பிரதி எடுத்துக் காட்டும் டிசைனரிடம் வாடிக்கையாளர் பின்னால் சண்டைக்கு வரமாட்டார்.

எத்தனை வேலைகளைக் காட்டலாம்? எட்டு, பத்து போதும். ஐம்பது படம் போட்டால் பார்ப்பவர் மனதில் நிற்பது அதில் மோசமான ஒன்றாகவும் இருக்கலாம். இதுவரை வேலையே வரவில்லை என்றால், இல்லாத ஒரு கடைக்குப் பெயர்ப் பலகை செய்து பாருங்கள். "பயிற்சிக்காகச் செய்தது" என்று தெளிவாக எழுதுங்கள். கேன்வா போன்ற செயலிகளில் கிடைக்கும் டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, சொந்த வடிவமைப்பு என்று காட்டவேண்டாம். அதே டெம்ப்ளேட் பக்கத்து ஊர்க் கடையின் நோட்டீஸிலும் இருக்கும்.

நேரமும் பார்க்கவேண்டும். பெருநாள் வாழ்த்து அட்டை மாதிரிகளை பிறை 27-ல் வெளியிட்டால் லைக் வரும், ஆர்டர் வராது. கடைக்காரர்கள் ஷஃபானிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இன்ஸ்டாகிராம் மட்டும் போதும் என்று இருந்துவிடுவது சரியில்லை. கணக்கு முடங்கினாலோ கடவுச்சொல் திருடுபோனாலோ பல வருட உழைப்பு ஒரே நாளில் கையைவிட்டுப் போகும். மூலக் கோப்புகளை வேறோர் இடத்திலும் சேமித்து வைக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரம் குறைந்துவிடும் என்பதால், அச்சுக்குப் போகும் கோப்பை 'டாக்குமெண்ட்' ஆகவே அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

"பொம்பளப் பிள்ளை இன்டர்நெட்டில் வரணுமா?" என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். முகம் காட்டாமலே இந்தத் தொழிலைச் செய்யமுடியும். தொழிலுக்கு ஒரு பெயர், அதற்குத் தனி எண், உம்மாவோ அண்ணனோ கூடப் பார்க்கும்படி ஒரு மின்னஞ்சல் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வைத்துப் பூட்டுவதைவிட இது நல்ல வழி என்பது என் கருத்து.

இதே அக்கறை வாடிக்கையாளர் மீதும் இருக்கவேண்டும். மணப்பெண்ணின் மருதாணிக் கையைப் படமெடுத்து வெளியிடுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அழைப்பிதழைக் காட்டும்போது அதிலுள்ள பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரியை மறைத்துவிடுங்கள். அந்தத் தேதியில் எந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்வானேன்?

உரிமை யாருக்கு?

அரபு எழுத்துக் கலையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உஸ்மானியர் மரபில், மாணவர் தம் ஆசிரியரிடம் இஜாஸா பெற்ற பிறகுதான் தாம் எழுதியதில் தம் பெயரை எழுதலாம். பெயர் போடுவதே ஒரு தகுதி, ஒரு பொறுப்பு. நம் பிள்ளைகளோ நேர்மாறாக, பெயரே போடாமல் அனுப்பிவிடுகிறார்கள். படத்தின் ஓரத்தில் சிறிதாகத் தொழில் பெயர் இருக்கட்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒரு கலைப்படைப்பு உருவானவுடனே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஆனால் சம்பளத்துக்கு இருக்கும் நிறுவனத்தின் வேலையாகச் செய்ததென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை முதலாளிக்கே. ஒருவர் பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னாலும் அப்படித்தான்: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை பணம் கொடுத்தவருக்கு. தனியாகத் தொழில் செய்பவர் ஒரு கடைக்கு லோகோ வரைந்தால் நிலைமை வேறு. அந்த உரிமை கடைக்காரருக்கு மாறவேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு தரவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இந்த விவரம் கடைக்காரர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வேண்டும்: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், பாதி முன்பணம், முடிந்தபின் என் தொகுப்பில் காட்டலாமா. உரிமையை முழுதாக மாற்றிக் கொடுப்பதென்றால் மட்டும் செய்தி போதாது, தாளில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். சொந்தக்காரர்களிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் வரும். குர்ஆனில் மிக நீளமான வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். "சாச்சி மகள் கல்யாணத்துக்கு ஒரு கார்டு போட்டுத் தாம்மா" என்று கேட்பவருக்கு அன்பளிப்பாகச் செய்து கொடுப்பதில் தவறில்லை. அன்பளிப்பு என்பதைக் கொடுப்பவர்தான் சொல்லவேண்டும், கேட்பவர் அல்ல.

துணிக்கு டிசைன் வரைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். துணியில் அச்சிட்டோ தைத்தோ விற்கும் வடிவங்களுக்கு வடிவமைப்புச் சட்டம் 2000 என்று தனிச் சட்டம் உண்டு. அதில் பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புக் கிடைக்கும். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதில் இருந்த பதிப்புரிமையும் போய்விடும். விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவத்தை வெளியே காட்டிவிட்டாலோ, அது புதியதல்ல என்று பதிவே மறுக்கப்படலாம். இன்ஸ்டாகிராமில் போடுவதும் வெளியே காட்டுவதுதான். எனவே நிறைய விற்கும் என்று நம்பும் ஒரு துப்பட்டா டிசைனை முதலில் பதிவுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு தொகுப்பில் போடுங்கள்.